கூடு கட்டும் பருவமும் கிளை வெட்டும் பருவமும்

மும்பைப் பெருநகரின் வடகிழக்கே, தானே மாவட்டத்தில், உல்ஹாஸ் ஆறு கடலை நோக்கிச் செல்லும் கழிப்பகுதியை ஒட்டி அமைந்துள்ளது டோம்பிவிலி நகரம். 1854ஆம் ஆண்டில் தானேயிலிருந்து கல்யாண் வரை இருப்புப்பாதை நீட்டப்பட்டது. அப்பாதை ஓரத்தில் இருந்த இவ்வூர், பின்னர் மும்பைக்கு வேலைக்குச் செல்வோரின் குடியிருப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் வளர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சியின் மக்கள்தொகை 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய இடங்களைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

இத்தகைய நெருக்கமான நகரில் பறவைகளுக்கு இடம் ஏது என்று கேட்கத் தோன்றும். ஆனால் கழியோரத்து அலையாத்திப் புதர்களும் சேற்று நிலமும், நிள்ஜே போன்ற ஏரிகளும், கட்டடம் எழும்பாத புல்தரைகளும், வீதியோர மரங்களும், தென்கிழக்கே மலங்க்கட் மலைச்சரிவுகளும் ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்திலேயே உள்ளன. ஒரே காலை நேரத்தில் நீர்ப்பறவை, தரைப்பறவை, மரப்பறவை ஆகிய மூவகையையும் காணக்கூடிய இடம் இது. எனவே பறவைகளை நோக்கும் அன்பர்கள் இப்பகுதிக்கு விரும்பி வருகின்றனர்.

பங்குனி பிற்பகுதி முதல் வைகாசி முடிய இங்குள்ள மரங்களில் இருவகை வேலைகள் ஒரே சமயத்தில் நடைபெறுகின்றன. பறவைகள் கூடு கட்டி முட்டையிடுகின்றன. நகராட்சிப் பணியாளர்களும் குடியிருப்புச் சங்கங்களும் மழைக்கு முன்னர்க் கிளைகளை வெட்டுகின்றனர். இவ்விரு வேலைகளும் ஒரே கிளையில் சந்திக்கும்போது தோற்பது கூடுதான். இதனை விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை என்பதும், களப்பணியாளரும் ஆசிரியரும் சிறிது முயன்றால் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதுமே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

எப்பறவை, எப்போது?

பறவைகள் எல்லாம் ஒரே காலத்தில் கூடு கட்டுவதில்லை. கரும்பருந்து பனிக்காலத்திலேயே உயர்ந்த மரங்களில் கூடு அமைத்துவிடுகிறது. குக்குறுவான் தை மாதம் முதலே பட்டுப்போன கிளைகளைக் குடைந்து பொந்து செய்யத் தொடங்குகிறது. செம்பு தட்டும் ஓசை போன்ற அதன் குரல் வெயில் ஏற ஏற ஓங்குவதைப் பலரும் கேட்டிருப்பர்.

வேனிலின் தொடக்கத்தில் சிறுபறவைகளின் முறை வருகிறது. தையல்சிட்டு தோட்டச் செடிகளின் அகன்ற இலையொன்றை மடித்து, அல்லது இரண்டு இலைகளைச் சேர்த்து, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து, அதற்குள் மெத்தை அமைக்கிறது. தேன்சிட்டின் கூடு கொடி நுனியில் குப்பை தொங்குவது போலக் காட்சியளிக்கும். சின்னான் மார்பளவு உயரமுள்ள வேலிச் செடியில் கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டும். குண்டுகரிச்சான் சுவர்ப் பொந்திலோ மரப்பொந்திலோ குடிபுகும். பச்சைப் பஞ்சுருட்டானும் வெண்தொண்டை மீன்கொத்தியும் மண்சரிவில் வளை தோண்டும். கட்டட வேலைக்காகக் கொட்டி வைத்த மண்குவியலைக்கூடப் பஞ்சுருட்டான் விட்டுவைப்பதில்லை.

சித்திரையில் காகங்கள் சுள்ளி சேர்க்கின்றன. நகரத்துக் காகம் சுள்ளியோடு இரும்புக் கம்பித் துண்டுகளையும் கலந்து கட்டும். அவ்வேளையில் குயிலின் குரல் ஓயாது ஒலிப்பதும் இதன் தொடர்பே. காகத்தின் கூட்டில் தன் முட்டையை இடவேண்டிய குயிலுக்கு, காகம் கூடு கட்டும் காலமே தன் காலமாகிறது.

தரையில் ஆள்காட்டிப் பறவை பெரும்பாலும் நான்கு முட்டைகளை வெறும் கற்களிடையே இடுகிறது. இருப்புப்பாதையின் சரளைக் கற்களிடையேயும் தட்டையான மாடிகளிலும்கூட அது முட்டையிடுவதுண்டு. முட்டையின் நிறமும் புள்ளிகளும் கற்களோடு ஒன்றிப்போவதால், அருகில் நிற்பவன் கண்ணுக்கும் அவை எளிதில் தென்படுவதில்லை. ஆள்காட்டி மேட்டில் முட்டையிட்டால் மழை மிகும் என்றும், தாழ்ந்த இடத்தில் இட்டால் மழை குறையும் என்றும் உழவர் சொல்லுவர். இது மெய்யா அன்றா என்பதை வாதத்தால் தீர்க்க இயலாது. பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய குறிப்பு ஒன்றே தீர்க்கும்.

வைகாசி இறுதியில் தூக்கணாங்குருவி ஆண்கள் மஞ்சள் நிறம் பூண்டு, பசும்புல்லைக் கிழித்து நெய்யத் தொடங்கும். மழை இறங்கிய பின்னரே வெண்கொக்கு, மடையான், வக்கா முதலியவை மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். நீளவால் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் ஏரித் தாவரங்களிடையே முட்டையிடும்.

மழையே பஞ்சாங்கம்

இவ்வரிசைக்குக் காரணம் உணவும் நீரும் ஆகும். கொங்கணக் கரையில் ஆண்டு மழையின் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. மும்பையில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 11 என்று வானிலைத் துறை கணக்கிட்டுள்ளது. முதல் மழையோடு பூச்சிகளும் புழுக்களும் பெருகுகின்றன. தேனையும் தானியத்தையும் உண்டு வாழும் பறவைகளும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சியையே ஊட்டுகின்றன. ஆதலால் சிறுபறவைகளுள் பல, குஞ்சுகள் வளரும் நாளும் பூச்சி மிகும் நாளும் நெருங்கி வருமாறு முட்டையிடுகின்றன. நீர்ப்பறவைகளோ நீர் நிரம்பும் வரை காத்திருக்கின்றன.

தமிழ்நாட்டு வேடந்தாங்கலோடு இதனை ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும். அங்கு ஏரியை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. ஆதலால் கொங்கணத்தில் ஆனி, ஆடியில் கூடு கட்டும் அதே கொக்கும் வக்காவும் அங்கே கார்த்திகை, மார்கழியில் கூடு கட்டுகின்றன. பறவை ஒன்றே, மழை வேறு, ஆகவே பருவமும் வேறு. ஓர் ஊரின் நாட்குறிப்பை வேறோர் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. பாடநூலில் 'பறவைகள் வேனிலில் கூடு கட்டும்' என்று ஒரு வரியாகப் படிக்கும் மாணவன், தன் தெருவின் மரத்தைப் பார்த்த பிறகே அவ்வரியின் எல்லையை அறிவான்.

ஆறுமணிக்குருவி மற்றுமோர் எடுத்துக்காட்டு. விடியலிலும் அந்தியிலும் தவறாது கூவுவதால் தமிழர் அதற்கு இப்பெயரிட்டனர். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் இலங்கையிலும் தங்கும் அப்பறவை, வேனிலில் அங்கிருந்து மறைந்துவிடுகிறது. அது சென்று கூடு கட்டும் இடங்களுள் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக் காடுகளும் அடங்கும். மே மாத இறுதியில் தானே, ராய்கட் மாவட்டக் காடுகளில் அதன் குரல் கேட்கத் தொடங்குகிறது. தென்னாட்டு ஆசிரியர் எழுதும் 'கடைசியாகக் கேட்ட நாள்' என்ற குறிப்பும், டோம்பிவிலி ஆசிரியர் எழுதும் 'முதலில் கேட்ட நாள்' என்ற குறிப்பும் சேரும்போதுதான் அப்பறவையின் பயணம் முழுமையாகப் புலப்படும்.

பட்டியல் மட்டும் போதுமா?

பறவை நோக்கும் பழக்கம் இந்நாட்டில் வேகமாகப் பரவியுள்ளது. 'ஈபேர்ட்' என்னும் இணையப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கானோர் பட்டியல் இடுகின்றனர். அப்பதிவுகளைக் கொண்டே 2020இலும் 2023இலும் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கைகள் வெளியாயின. 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் நீண்டகாலப் போக்கைக் கணக்கிடப் போதிய செய்தி கிடைத்தவை 338 இனங்கள். அவற்றிலும் 60 விழுக்காடு குறைந்து வந்துள்ளன என்று அது தெரிவித்தது. பொதுமக்களின் குறிப்பு எவ்வளவு பயன்படும் என்பதற்கு இது தக்க சான்று.

எனினும் ஒரு குறையைச் சுட்டுவது அவசியம். பெரிய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடைபெறுகின்றன. தமிழ்நாட்டின் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியிலும், உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியிலும் வருகின்றன. வலசை வரும் பறவைகள் நிறைந்திருக்கும் காலம் அது, பள்ளிகளும் திறந்திருக்கும். ஆனால் ஓர் இனம் நிலைத்திருப்பதும் அழிவதும் அது கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைப் பொறுத்தது. அச்செயல் நடைபெறும் மே மாதத்தில் பள்ளிகள் விடுமுறையில் உள்ளன. வெயிலுக்கு அஞ்சி நோக்குவோரும் குறைகின்றனர். வந்த விருந்தினரைக் கவனமாக எண்ணி, வீட்டில் பிறந்த பிள்ளைகளை எண்ணாது விடுவது போன்றதே இது.

அரிய பறவையொன்று கழியில் இறங்கிற்று என்னும் செய்திக்கு உள்ள கவர்ச்சி, சின்னான் மூன்று முட்டையிட்டது என்னும் செய்திக்கு இல்லைதான். ஆனால் விஞ்ஞானத்திற்கு இரண்டாவது செய்தியின் பயன் குறைந்ததன்று. பிரிட்டனில் 1939ஆம் ஆண்டில் கூடுகளைப் பதிவு செய்யும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. ஆசிரியரும் எழுத்தரும் தோட்டக்காரரும் நிரப்பி அனுப்பிய அட்டைகள் ஆயிரமாயிரமாகச் சேர்ந்தன. 1971 முதல் 1995 வரையிலான அட்டைகளை ஆராய்ந்து 1997இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது: 65 இனங்களுள் 20 இனங்கள் முன்னைவிடச் சராசரி ஏறக்குறைய 9 நாட்கள் முந்தி முட்டையிடத் தொடங்கியிருந்தன. தட்பவெப்பம் மாறுவதைப் பறவைகள் உணர்ந்துள்ளன என்பதை உலகுக்கு அறிவித்தவை, எளிய மனிதர் எழுதிய தேதிகளே.

இந்நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சாலிம் அலி வேலையின்றி இருந்த காலத்தில், மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கி, 1930ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிக் கூட்டங்களை நாள்தோறும் நோக்கினார். ஆண் குருவி பல கூடுகளைப் பாதியளவு கட்டுகிறது. பெண் வந்து சோதித்து ஒன்றைத் தேர்ந்து கொள்கிறது. பிறகே அக்கூடு முற்றுப்பெறுகிறது. ஆண் மீண்டும் வேறொரு பெண்ணுக்காகக் கட்டத் தொடங்குகிறது. இவ்வுண்மைகள் விலையுயர்ந்த கருவியால் வெளிப்பட்டவை அல்ல. ஓர் ஏணியும் மறைவிடமும் பொறுமையும் அதற்குப் போதுமானவையாயின. அத்தகைய மரங்கள் டோம்பிவிலியைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் உண்டு.

கோடரிக்கு முன் ஒரு பார்வை

கிளை வெட்டுவோரைக் குறை கூறுவது எளிது. ஆயினும் அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் டவ்தே புயல் மும்பைக் கரையை ஒட்டிச் சென்றபோது ஏராளமான மரங்கள் வீழ்ந்தன. மழைக்காலத்தில் முறியும் கிளையால் உயிர்ச்சேதம் ஏற்படுவதும், மின்கம்பிகள் அறுபடுவதும் ஆண்டுதோறும் நிகழ்வனவே. பறவைக்காக மனிதரின் பாதுகாப்பைக் கைவிடுமாறு எவரும் கோர இயலாது.

வெட்டும் மாதத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பர் சிலர். அது ஓரளவே உண்மை. மார்கழியில் வெட்டினால் சிறுபறவைகளின் கூடுகள் பிழைக்கும். ஆனால் பருந்தின் கூடு அப்போதுதான் இருக்கும். புரட்டாசியில் வெட்டினால் கொக்குக் குஞ்சுகள் மடியக்கூடும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை விரிவுக்காக மரமொன்று வீழ்த்தப்பட்டபோது, அதிலிருந்த கூடுகளின் குஞ்சுகள் திரளாக மடிந்த காட்சி நாட்டையே வருந்தச் செய்தது. ஆகவே நாளைப் பார்த்து வெட்டினால் மட்டும் போதாது. மரத்தைப் பார்த்து வெட்ட வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத செயலன்று. தையல்சிட்டு, சின்னான், குண்டுகரிச்சான் போன்ற சிறுபறவைகள் அடைகாக்க இரண்டு வாரமும், குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு வாரமும் ஏறக்குறையத் தேவைப்படுகின்றன. அதாவது கூடுள்ள ஒரு கிளையை நான்கு வாரம் ஒத்திவைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். ஒரு மரத்தை அரைமணி நேரம் விடியலில் நோக்கினால், இரையோ நாரோ கவ்விய பறவை எக்கிளைக்கு மீண்டும் மீண்டும் செல்கிறது என்பது தெரிந்துவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் அவ்வாறு பார்த்து, அபாயமான கிளைகளை முதலிலும் கூடுள்ள கிளைகளைக் கடைசியிலும் வெட்டுமாறு வரிசை அமைத்தால், மழை வருமுன் இரண்டு கடமையும் நிறைவேறும். பட்ட கிளையெல்லாம் அபாயமானவை அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று. வீதியின் மேல் தொங்காத பட்ட கிளை குக்குறுவானின் வீடு. அது விட்டுச்சென்ற பொந்து பின்னர் வேறு பறவைகளுக்கும் பயன்படும்.

சட்டமும் இதற்கு அரணாக உள்ளது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளிலேயே அடக்கியுள்ளது. மகாராஷ்டிரத்தில் 1975ஆம் ஆண்டின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. ஆனால் சட்டம் கிளையின் உச்சியை நோக்காது. அங்கு நிற்கும் பணியாளரின் கண்ணே நோக்க வேண்டும்.

மக்கள் மனம் வைத்தால் எதுவும் அரிதன்று என்பதற்குத் தமிழ்நாடே சான்று. சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில் 2020ஆம் ஆண்டில், தெருவிளக்கின் மின்பெட்டிக்குள் ஒரு சிறுபறவை முட்டையிட்டிருப்பதைக் கண்ட ஊரார், குஞ்சுகள் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்குகளை ஏற்றாது இருளிலேயே நடந்தனர். வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டிலேயே மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் பெற்றனர். இருளைப் பொறுத்த ஊரார் முன்னே, ஒரு கிளையை நான்கு வாரம் பொறுப்பது பெரிதாகாது.

தரைக்கூடுகளின் நிலை இதனினும் கடினம். மரத்தில் உள்ள கூட்டையாவது அண்ணாந்து பார்ப்பவர் உண்டு. ஆள்காட்டியும் நெட்டைக்காலியும் வானம்பாடியும் வாழும் புல்தரையைப் பலர் 'வெற்றிடம்' என்றே எழுதுகின்றனர். அங்கே குப்பை கொட்டுவதும், மண் நிரப்புவதும், வண்டி ஓட்டிப் பழகுவதும் குற்றமாகத் தோன்றுவதில்லை. ஆள்காட்டி அடைகாக்கும் காலம் ஏறத்தாழ நான்கு வாரம். அதுவரை ஒரு சக்கரமும் அவ்விடத்தில் உருளாதிருக்க வேண்டும். அந்நிலம் வெற்றிடமன்று என்பதை மெய்ப்பிக்கத் தேதியிட்ட கூட்டுக் குறிப்பு ஒன்று, நூறு சொற்பொழிவுகளைவிட வலிமை உடையது.

நோக்குவோருக்கும் வரம்பு உண்டு

கூட்டை நோக்குவோரே அதற்குப் பகையாகிவிடுதல் கூடாது. படம் எடுப்பதற்காக மறைக்கும் இலையைக் கிள்ளுவது வெயிலுக்கும் காகத்திற்கும் குஞ்சுகளைக் காட்டிக் கொடுப்பதாகும். தாய்ப்பறவை அலறினால், அல்லது இரையோடு வந்து கூட்டில் இறங்காமல் தயங்கினால், நோக்குபவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்பது பொருள். உடனே விலக வேண்டும். முட்டையைத் தொடுவதோ எடுப்பதோ எக்காலத்தும் ஆகாது. முற்காலத்தில் முட்டை சேகரித்தவர்கள் அறிவியலுக்குச் செய்தி தந்தனர் என்பது உண்மையே. இன்று அதே செய்தியைத் தொலைநோக்கியாலும் பென்சிலாலும் பெற முடியும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பலருக்கும் பரப்புவதும் தவறு.

குறிப்பேட்டில் எழுத வேண்டுவன சிலவே: நாளும் நேரமும், இடம், பறவையின் பெயர், மரம் அல்லது கட்டடத்தின் வகை, தரையிலிருந்து கூட்டின் உயரம், பறவை செய்துகொண்டிருந்த செயல், இறுதியில் குஞ்சு பறந்ததா என்பது. நார் கவ்வியது, அடைகாத்தது, இரை கொண்டு வந்தது, குஞ்சு வெளிவந்தது என்னும் நான்கு நிலைகளைத் தூரத்திலிருந்தே அறியலாம். தோற்ற கூட்டையும் எழுத வேண்டும். வெற்றியை மட்டும் எழுதும் ஏடு மெய்யான ஏடாகாது. பெயர் ஐயமாக இருப்பின் ஐயம் என்றே எழுதுக. தமிழ்ப் பெயரோடு மராட்டிப் பெயரையும் கேட்டு எழுதினால், கிராமத்தாரின் அறிவும் ஏட்டில் சேரும். ஆள்காட்டி அவர்களுக்கு 'டிட்வி', தூக்கணாங்குருவி 'சுகரண்'.

விடுமுறை இதற்குத் தடையன்று. விடுமுறை தொடங்குமுன் ஒவ்வொரு மாணவனுக்கும் அவன் வீட்டருகே ஒரு மரத்தை ஒதுக்கி, வாரம் இருமுறை கால்மணி நேரம் நோக்கி எழுதுமாறு ஆசிரியர் கூறலாம். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது நாற்பது மரங்களின் வரலாறு வகுப்பில் கூடும். கோடையில் சொந்த ஊர் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் அங்குள்ள ஒரு மரத்தை நோக்கி வந்தால், இரண்டு ஊர்களின் பருவத்தை ஒப்பிடும் வாய்ப்பும் கிட்டும். களப்பணியாளர் அவ்வேடுகளின் சுருக்கத்தை நகராட்சியின் மரப்பிரிவுக்கு மார்ச் மாதத்திலேயே அளித்தால், சென்ற ஆண்டு கூடிருந்த மரங்கள் எவை என்பது கிளை வெட்டுவோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஓராண்டுக் குறிப்பால் பெரும் உண்மை எதுவும் வெளிப்பட்டுவிடாது. ஐந்தாண்டில் ஒழுங்கு தெரியும். இருபது ஆண்டில் மாற்றம் தெரியும். அதற்கிடையில், ஏட்டை நிரப்பும் பொருட்டு மரத்தை அண்ணாந்து பார்த்த ஒவ்வொரு காலையிலும், கோடரிக்குத் தப்பிய கூடு ஒன்றேனும் இருக்கக்கூடும். அடுத்த வேனிலுக்கு முன் அத்தகைய ஏடு ஒவ்வொரு பள்ளியிலும் திறக்கப்படுவது விரும்பத்தக்கது.